தொண்டைக் கதிரில் நின்ற புல்

நேற்று நம் குரூப்பில் யாருடைய கல்ஃப் குழந்தைப் பருவம் பெரிய மொக்கை என்று ஒரு போட்டி ஓடியது. பஹ்ரைன் ஈசா டவுன்காரி ஸ்கூல் பஸ்ஸில் ஏசி செத்துப்போன கதையைப் போட்டாள். துபாய் அல் கூஸ்காரன் அவன் அப்பாவின் கம்பெனி குடோனுக்குள் சைக்கிள் ஓட்டப் பழகின கதையைப் போட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. நீ என்ன அரண்மனையிலா வளர்ந்தாய் என்று கேட்டீர்கள். இல்லை மக்களே, நான் மாட்டுத் தீவனத்துக்கு நடுவில் வளர்ந்தவள். இருபத்தஞ்சு ஆகிறது, முதுகு வலி வந்துவிட்டது, லோன் கட்டுகிறேன். அதனால் பெரியவர்கள் மாதிரி 'அந்தக் காலத்துல' என்று ஆரம்பிக்க எனக்கு முழு உரிமை உண்டு. வாய்ஸ் நோட் போட்டால் நடுவில் அழுதுவிடுவேன் என்பதால் டைப் பண்ணுகிறேன்.

ரியாத்துக்குத் தெற்கே ஒரு மணி நேரம் போனால் அல் கர்ஜ். மேலேயிருந்து பார்த்தால் மணலில் யாரோ பச்சைத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தது மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியும். தெரிந்தது என்று சொல்ல வேண்டும். போன வாரம் மேப்பில் தேடிப் பார்த்தேன், எங்கள் வட்டம் நாலும் பழுப்பாகக் கிடக்கிறது. நிலத்தடித் தண்ணீர் வற்றுகிறது, தீவனத்தை வெளியிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று அங்கே முடிவாகிவிட்டதாம். நியாயம்தான். ஆனாலும் பார்த்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு வட்டத்தின் நடுவில் ஒரு ஆழ்துளைக் கிணறு. அதிலிருந்து சக்கரம் வைத்த நீளமான இரும்புக் குழாய் ஒன்று கடிகார முள் மாதிரி சுற்றிக்கொண்டே தண்ணீர் தெளிக்கும். பிவட் என்போம். அதற்குக் கீழே ரோட்ஸ் புல். வளர வளர அறுத்து, காயவைத்து, கட்டுக் கட்டி, பக்கத்திலிருந்த மாட்டுப் பண்ணைக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி ஒன்றுதான், பண்ணை ஒரு பிரிவு, வயல் ஒரு பிரிவு. வயல் பிரிவில் நாலு வட்டத்துக்கு என் அப்பா சூப்பர்வைசர். எந்த வட்டத்தை எந்த நாளில் அறுப்பது என்று சொல்வதுதான் அவருடைய முக்கிய டூட்டி. கேட்டால் சப்பையாக இருக்கும். ஆனால் பண்ணையில் நிற்கிற மாடுகள் அத்தனையும் அவர் சொல்லும் ஒரு நாளை நம்பித்தான் தின்றன.

எனக்கு அப்போது பத்து வயது. வியாழனும் வெள்ளியும் லீவு. வியாழக்கிழமை அப்பாவின் பிக்கப்பில் தொற்றிக்கொள்வேன். புல்லை அறுத்துத் தள்ளும் மோவரைப் பட்டான் மாமா ஓட்டுவார். அவர் ஊர் பெஷாவர் பக்கம். மோவர் நகர்ந்தால் எங்கிருந்தோ கொக்குகள் வந்துவிடும். அவ்வளவு கொக்கும் இத்தனை நேரம் பாலைவனத்தில் எங்கே ஒளிந்திருந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அறுத்த புல்லில் முதல் ஒரு மணி நேரம் பச்சை வெள்ளரிக்காய் வாசனை. மத்தியானத்தில் அது டீத்தூள் வாசனையாக மாறும். மறுநாள் விடியலில், லேசான ஈரம் இருக்கும்போதே புரட்டிக் கட்டிவிடுவார்கள். வெயில் ஏறின பிறகு கை வைத்தால் இலை அத்தனையும் நொறுங்கி மண்ணுக்குப் போய்விடும், வெறும் குச்சிதான் மிஞ்சும். கட்டும் மெஷினிலிருந்து மிச்சம் விழும் நீல பிளாஸ்டிக் கயிறுதான் எங்கள் வீட்டுக் கொடிக்கயிறு, என் ஸ்கிப்பிங் கயிறு, ஸ்கூல் பை பிய்ந்தபோது அதன் வார். அந்தப் பையோடு ஸ்கூலுக்குப் போய் நான் பட்ட அவமானத்தைத் தனியாக ஒரு நாள் சொல்கிறேன். வேண்டாம், சொல்லவே மாட்டேன்.

அந்த வருஷம் ஏப்ரலில் அம்மாவுக்கு அஞ்சு மாசம்.

இதற்கு முன் இரண்டு போயிருந்தது. ஒன்று ஊரில், எனக்கு மூணு வயதாக இருக்கும்போது. இன்னொன்று கர்ஜுக்கு வந்த பிறகு. இந்தத் தடவை எகிப்து டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் ஒரு தையல் போட்டுவிட்டு, பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும், மாடி ஏறக்கூடாது, விமானத்தை நினைத்தே பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். அம்மா காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துக்கொண்டு நாள் முழுக்க சீரியல் பார்த்தாள். வில்லிகள் பேரெல்லாம் எனக்கும் மனப்பாடம். அப்பாதான் சமைத்தார். அவருக்கு ரசம் வரும், முட்டை வரும், அவ்வளவுதான்.

அப்பா சவரம் பண்ணுவதையும் முடி வெட்டுவதையும் நிறுத்திவிட்டார். மனைவி மாசமாக இருந்தால் புருஷன் மேல் கத்தி படக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, பாம்பை அடிக்கக்கூடாது என்றெல்லாம் எங்கள் மன்னார்குடிப் பக்கம் உண்டு. முந்தின இரண்டு தடவையும் அவர் இதையெல்லாம் பார்க்கவில்லை. இந்தத் தடவை தாடி கழுத்தை மறைத்தது. வெள்ளிக்கிழமை ரியாத்துக்குப் போய் பத்தா மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் புளியும் வாங்கும்போது, கடை பாய் அவரைத் தெரிந்தும் தெரியாத மாதிரி "அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத்" என்று ஓட்டுவார். பட்டான் மாமா, இனிமேல் உனக்கு என் பாஸ்போர்ட்டைத் தரலாம், என் மனைவிகூடக் கண்டுபிடிக்க மாட்டாள் என்றார். அப்பா சிரித்துக்கொண்டே தாடியைத் தடவுவார். அம்மா, சலூன் காசை மிச்சம் பிடிக்கிறாராம், கஞ்சன், என்று என்னிடம் சொன்னாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

இப்போது புல்லுக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள், இது தெரியாவிட்டால் மிச்சம் புரியாது.

புல்லை ரொம்பச் சீக்கிரம் அறுத்தால் எடை இருக்காது, வேரும் பலம் பிடிக்காமல் அடுத்த தடவை சொட்டை சொட்டையாக வளரும். ரொம்பத் தள்ளி அறுத்தால் கட்டு கனக்கும், ஆனால் தண்டு கம்பி மாதிரி ஆகிவிடும். மாடு வயிற்றை நிரப்பிக்கொள்ளும், பால் வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூணு நாலு நாள் இருக்கிறது. கதிர் இன்னும் வெளியே வராமல், மேல் இலையின் உறைக்குள்ளே தடித்துக்கொண்டு நிற்கும் நாட்கள். நெல்லுக்கு எங்கள் ஊரில் இதைத் தொண்டைக் கதிர் என்பார்கள். சூல் கட்டியிருக்கிறது என்றும் சொல்வார்கள். பொம்பளைக்குச் சொல்லும் அதே வார்த்தை. ரோட்ஸ் புல்லை அறுக்க வேண்டியது சரியாக அந்தச் சமயத்தில்தான்.

ஒரு வியாழக்கிழமை இரண்டாம் நம்பர் வட்டத்தில் அப்பா இறங்கி ஒரு தண்டைப் பிடுங்கினார். கட்டை விரல் நகத்தால் உறையைக் கீறித் திறந்தார். உள்ளே வெளிறின பச்சையில், பூனை மீசை மாதிரி மெல்லிசாக, ஈரமாகக் கதிர் சுருண்டிருந்தது. அவர் அதை மறுபடி இலைக்குள்ளேயே வைத்து மூடினார். பிடுங்கின தண்டை எதற்கு மூட வேண்டும்? நான் கேட்கவில்லை. பட்டான் மாமா மோவரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா புக்ரா, நாளைக்கு, என்றார்.

நாளைக்கு இல்லை. ஒன்பது நாள் போயிற்று. ஏப்ரல் கடைசியில் வெயில் ஏறிவிட்டது, புல் அவசர அவசரமாகக் கதிர் தள்ளியது. வட்டம் முழுக்க ஊதா கலந்த பழுப்பில் கதிர்கள் விரல் விரித்த மாதிரி நின்றன. பார்க்க அழகு. அதற்கப்புறம்தான் அப்பா அறுக்கச் சொன்னார். நாலாம் நம்பருக்கும் அதே கதை. ஏனப்பா என்று கேட்டேன். பிக்கப்பை ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"உள்ள புள்ளயோட நிக்குது ஆயி. பெத்துடட்டும். பெத்ததுக்கப்புறம் அறுத்தா பாவமில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சயின்ஸில் பூவின் பாகங்கள் வரைந்து 'குட்' வாங்கின திமிர். "அது புல்லுப்பா," என்றேன். என் அப்பா ஒரு மக்கு என்று அந்த வாரம் ஸ்கூலில் இரண்டு பேரிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் என்னை நானே மியூட் பண்ணத் தோன்றுகிறது.

மே முதல் வாரத்தில் பண்ணையிலிருந்து சத்தம் வந்தது. மாடுகள் இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியிலேயே விட்டுவிடுகின்றன, பால் இறங்கிவிட்டது, இந்தக் கட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முஹந்திஸ் வந்தார். முஹந்திஸ் என்றால் இன்ஜினியர். வயல் பிரிவுக்கு அவர்தான் தலை. சூடான்காரர், ஒல்லியாக, நெட்டையாக, வெள்ளைச் சட்டையில் ஒரு மண் துகள்கூட ஒட்டாது. அது எப்படி என்று எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஒரு கட்டை உடைத்து, ஒரு தண்டை எடுத்து வளைத்தார். அது டக்கென்று முறிந்தது. அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அரபியும் ஹிந்தியும் கலந்து, எடையைக் காட்டி யாரை ஏமாற்றுகிறாய் என்று கேட்டார்.

அவர் கணக்கு அதுதான். தள்ளி அறுத்தால் கட்டு கனக்கும், மாசக் கடைசியில் சூப்பர்வைசர் நிறைய விளைச்சல் காட்டியதாக ரிப்போர்ட்டில் வரும். வேறு சில பேர் அப்படிச் செய்வதும் உண்டு. அப்பா வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மனைவி மாசமாக இருக்கிறாள், அதனால் உங்கள் புல்லை அறுக்கவில்லை என்று எந்த பாஷையில் சொல்வது?

இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் ஒரு லெட்டர். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும், வீட்டு லெட்டரெல்லாம் நான்தான் படிப்பேன். வாசலில் பிக்கப் கதவைத் திறந்து வைத்து, வெளியே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு, படி என்றார். நான் செய்தி வாசிப்பவள் மாதிரி ஸ்டைலாகப் படித்தேன். இரண்டு வட்டம் தாமதமாக அறுக்கப்பட்டது. மூன்றாம் வட்டமும் தாமதமானால் சூப்பர்வைசர் பதவியிலிருந்து எடுத்து, சாதாரண வேலையாளாக மாற்றப் பரிந்துரைக்கப்படும்.

ஸ்டைல் பாதியிலேயே போய்விட்டது. கல்ஃபில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இகாமா என்கிற தங்கும் அட்டையில் சூப்பர்வைசர் என்று இருந்ததால்தான் எங்களுக்குக் குடும்ப விசா. லேபர் என்று மாறினால் நானும் அம்மாவும் கிளம்ப வேண்டும். அம்மா கிளம்பவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கம்பெனி இன்ஷூரன்ஸ் இல்லாமல் அந்த ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க முடியாது.

அப்பா லெட்டரை நாலாக மடித்தார். அம்மாவிடம் சொல்லாதே என்றார்.

சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டேன். பெரிய தியாகம் எல்லாம் இல்லை. மன்னார்குடி ஸ்கூலில் தமிழில் பரிட்சை எழுத வேண்டி வரும் என்ற பயம். அம்மா சீரியலின் சத்தத்தைக் குறைத்தாள். புல், தொண்டைக் கதிர், பெத்ததுக்கப்புறம் அறுத்தால் பாவமில்லை என்று அப்பா சொன்னது, லெட்டர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அழுவாள் என்று நினைத்தேன். "தாடி அதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அப்பா கிளம்பும்போது அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அப்பா பதறிப் போனார். பாத்ரூமுக்குத் தவிர அவள் எழுந்து நின்று நான் பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. உட்கார்ந்தே வருகிறேன், மெதுவாக ஓட்டுங்கள், நான் மூணாம் நம்பரைப் பார்க்க வேண்டும் என்றாள். சீட்டைச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, அப்பா அந்த ரெண்டு கிலோமீட்டரை முட்டை ஏற்றின லாரி மாதிரி ஓட்டினார். நான் பின் சீட்டில்.

மூணாம் நம்பர் வட்டத்தில் புல் முட்டி உயரத்துக்கு மேல் நின்றது. ஒரு கதிர்கூட வெளியே இல்லை. அத்தனையும் தொண்டையில். பட்டான் மாமா மோவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து முதுகைத் திருப்பி நின்றார், மரியாதைக்கு. அப்பா இன்ஜினை அணைத்தார்.

அம்மா முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"ஊருல போச்சே, அந்தப் புள்ள. நீங்க பயிர அறுத்ததாலன்னு நெனச்சுகிட்டு இருக்கீங்களா?"

அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தார். இந்தக் கதை எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் நின்றுவிட்டது. வாய்க்கால் காய்ந்தது. நெல் தொண்டைக் கதிரில் நிற்கும்போது கருக ஆரம்பித்தது. மாட்டுக்காவது ஆகட்டும் என்று அப்பா தன் கையாலேயே அந்தப் பயிரை அறுத்துப் போட்டார். அந்த வாரமே குழந்தை போயிற்று. அடுத்த வருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்தார். வந்து கிடைத்த வேலையைப் பாருங்கள்.

"நீங்க அருவா எடுத்ததுக்கு மொத நாளே எனக்குத் தீட்டுப் பட்டுருச்சு," என்றாள் அம்மா. "காலையிலேயே."

"ஏன் சொல்லல?"

"நீங்க மடையில நின்னு தண்ணிக்குச் சண்ட போட்டுகிட்டு இருந்தீங்க. வந்து சாப்புடாம படுத்தீங்க. விடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். விடிஞ்சா ஆளக் காணும்."

பிவட் தூரத்தில் சிக் சிக் சிக்கென்று தெளித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் முகம் எனக்குத் தெரியவில்லை, காதுதான் தெரிந்தது. அது சிவந்திருந்தது. ஏழு வருஷம், என்று அவர் சொன்னார்.

"இங்க போனதுக்கு டாக்டரம்மா காரணம் சொல்லிட்டாங்க. வாய் தெறந்துக்குது. அதுக்குத்தான் தையல் போட்டிருக்கு," என்றாள் அம்மா. "தையல் எனக்குப் போட்டிருக்கு. புல்லுக்குப் போடல."

அப்பா தலையை ஆட்டினார். ஆனால் இறங்கவில்லை. கதவுப் பிடியில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். புத்திக்குப் போய்ச் சேர்ந்தது கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அம்மா அதைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியை இறக்கினாள். முகத்தில் அனல் அடித்தது. முதுகைக் காட்டி நின்றவரைக் கூப்பிட்டு, நாலு வருஷம் பக்கத்து வீட்டு லக்னோ ஆண்ட்டியிடம் கற்ற தன் மொத்த ஹிந்தியையும் திரட்டிச் சொன்னாள்.

"பாய், காட்டோ." அண்ணே, அறுங்கள் என்று.

பட்டான் மாமா திரும்பாமலே அப்பாவைக் கேட்பது மாதிரி தலையைச் சாய்த்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாமா டீயைக் கீழே ஊற்றிவிட்டு மெஷினில் ஏறினார். வெட்டின முதல் வரிசை சாய்ந்தபோது அம்மா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கண்ணை மூடாமல் பார்த்தாள். அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு நான் கொக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூணாம் நம்பர் புல்லைப் பண்ணையில் மாடுகள் தொட்டியை நக்கித் தின்றதாகச் சேதி வந்தது. முஹந்திஸ் மறுபடி வந்தார். இந்தத் தடவை பட்டான் மாமா அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய், மோவருக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பேசினார். கையால் வயிறு காட்டினார், தாடியைக் காட்டினார். போச்சு, இனி மொத்தக் கம்பெனியும் சிரிக்கும் என்று எனக்கு உடம்பே கூசியது. அந்த முஹந்திஸை நான் வில்லன் லிஸ்டில் முதலில் வைத்திருந்தேன், சீரியல் வில்லிகளுக்கெல்லாம் மேலே.

முஹந்திஸ் அப்பாவிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அறுப்பு நோட்டை வாங்கி, நாலு வட்டத்துக்கும் அடுத்த தேதியைத் தானே எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். கண்ணால் பார்த்து எப்போது என்று நீ எனக்குச் சொல், அறு என்று நான் சொல்கிறேன், உன் வீட்டில் பிரசவம் ஆகும்வரை அது என் தலையில் இருக்கட்டும் என்றார். அப்பா என்னவோ சொல்ல வந்தார். அவர் கல்லி வல்லி, விடு, என்று கையை வீசிவிட்டு, ஒரு மண்கூட ஒட்டாத சட்டையோடு போய்விட்டார். லிஸ்டிலிருந்து அவரை எடுத்தேன் என்று சொல்ல ஆசை. பத்து வயதில் அவ்வளவு சீக்கிரம் எடுக்க மாட்டோம்.

ஜூன், ஜூலை இரண்டு மாசமும் அப்படியே போயிற்று. அப்பா தண்டைக் கீறிப் பார்ப்பார், முஹந்திஸுக்குப் போன் பண்ணுவார், முஹந்திஸ் போனிலேயே மாமாவிடம் காட்டோ என்பார். லெட்டர் விஷயத்தை யாரும் பேசவில்லை. அம்மா படுத்தே இருந்தாள். வயிறு ஏறியது. குழந்தை உதைப்பதை என் கையை வைத்துக் காட்டுவாள், நான் பயந்து இழுத்துக்கொள்வேன்.

ஆகஸ்டில் முஹந்திஸ் லீவில் ஊருக்குப் போனார். அவர் போன நாலாம் நாள் காலையில், சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே, அம்மாவுக்கு வலி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஆம்பிளைகள் உட்காரும் இடம் தனி. அம்மாவைக் கண்ணாடிக் கதவுக்குள்ளே கூட்டிப் போனார்கள். நானும் அப்பாவும் ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் நாற்காலியில். எதிரே ஒரு சவூதித் தாத்தா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஏசி பல்லைத் தந்தியடிக்க வைத்தது. அப்பா சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார், நான் சொல்லவில்லை. மலையாளி நர்ஸ் ஒருவர் வந்து, தையலைப் பிரித்தாகிவிட்டது, கொஞ்சம் ரத்தம் போகிறது, டாக்டரம்மா கூடவே இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

அப்போது போன் அடித்தது. பட்டான் மாமா. அவர் குரல் எனக்கே கேட்டது. ஒன்றாம் நம்பர் வட்டம் தொண்டையில் நிற்கிறது. நாலு நாளாக நிற்கிறது. முனையில் கதிர் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. மோவரை மத்தியானம் வேறு பிரிவுக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள், திரும்பி வர ஒரு வாரம் ஆகும். ஆபீஸில் கேட்டால் முஹந்திஸ் லீவு, சூப்பர்வைசரைக் கேள் என்கிறார்கள். என்ன செய்ய?

அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்த்தார். ஒரு பக்கம் அந்த லெட்டர். இன்னொரு தாமதம், அதுவும் ஆதரவுக்கு ஆள் இல்லாத நேரத்தில். இன்னொரு பக்கம் அந்தக் கதவு. மாமா ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா ஒரு தடவை சொன்னாள். முஹந்திஸ் ரெண்டு மாசம் சொன்னார். இந்தத் தடவை யார் இருக்கிறார்கள்?

"நான் சொல்லட்டுமாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். தாடிக்குள் உதடு எங்கே இருக்கிறது என்று தேடும்படி இருந்தது.

"வேணாம் ஆயி. எத்தன பேருதான் எனக்காக சொல்லுவீங்க."

போனைக் காதில் வைத்தார். காட்டோ பாய், என்றார். சத்தமே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமாவுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பாமல் அங்கேயே, ஜன்னல் ஓரமாக, நின்றார். நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினஞ்சு நிமிஷமோ, அரை மணி நேரமோ. கடிகாரம் பார்க்க எனக்கு தைரியம் இல்லை.

கதவு திறந்தது. அதே நர்ஸ். கையில் வெள்ளைத் துணிச் சுருள்.

"மோளாணு, பொண்ணு. அம்மா நல்லாருக்காங்க. எட்டே முக்காலுக்குப் பிறந்தது," என்றார்.

அப்பா பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று பார்க்கப் போகிறார். முன்னாலா, பின்னாலா. கட்டை விரல் பட்டன் மேலேயே நின்றது. நர்ஸ் காத்துக்கொண்டிருந்தார். துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து, காற்றில் எதையோ பிடித்து, விட்டது.

அப்பா திரையைப் பார்க்காமலே போனை என்னிடம் நீட்டினார். உள்ளங்கை இரண்டையும் சட்டையில் துடைத்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டார்.